சிநேகிதரைப் படம் பிடிப்பது

புதுக்கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர் ஒருவரை அவர் வீட்டு மொட்டை மாடியில் படம் பிடித்தேன். (தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை, தொண்டைமான் ஊர் அல்ல.) பின்னால் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, அவருக்குப் பட்டு ஜிப்பா மாட்டி, மோவாயைச் சற்றே உயர்த்தச் சொல்லி, சினிமா நடிகராகவே ஆக்கிவிட்டேன். எனக்குப் பரம திருப்தி. படத்தை வாங்கிப் பார்த்த அவருடைய தாயார், "நல்லாத்தான் இருக்கு தம்பி. யாரு இது?" என்று கேட்டார். சிநேகிதர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஜூலியா மார்கரெட் கேமரூன் எடுத்த படங்களைப் பார்த்தேன். 1815-ல் கல்கத்தாவில் பிறந்த சீமாட்டி. 1863 டிசம்பரில், 48-வது வயதில், மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் வைட் தீவிலிருந்த அவர் வீட்டுக் கோழிக் கொட்டகை ஸ்டூடியோவாயிற்று. பக்கத்தில் குடியிருந்த கவி டெனிஸன், வந்துபோன விருந்தாளிகள், வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர், அகப்பட்ட ஒருவரையும் விடவில்லை. நிமிஷக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் மறுபடியும் முதலிலிருந்து! படங்கள் மங்கல் என்று அந்நாளைய புகைப்படக்காரர்கள் பரிகசித்தார்கள். மங்கலை நான் குறையாகச் சொல்லமாட்டேன். வேஷம்தான் குறை.

டெனிஸனின் ஆர்தர் ராஜன் கதைகளுக்காக அவர் 1874-ல் எடுத்த படங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகத்தையே நினைவூட்டுகின்றன. மேரி ஹில்லியர் தேவமாதாவாக வரும் படங்கள் மட்டும் தப்பிவிடுகின்றன. பனிமய மாதாவைப் பார்த்து வளர்ந்த எங்கள் கரைக் கண்ணுக்கும் அவை உறுத்துவதில்லை. அந்த முகத்தில் உள்ள அலுப்பு நடிப்பல்ல.

ஆனால் 1867-ல் எடுத்த இரண்டு படங்களுக்கு அவர் எடுத்த மற்றதையெல்லாம் கொடுத்துவிடலாம். ஒன்று, வானசாஸ்திரி ஜான் ஹெர்ஷல். இருட்டிலிருந்து எழும் கிழ முகம், பறக்கும் நரை. மற்றது, சகோதரியின் மகளான ஜூலியா ஜாக்ஸன். பின்னாளில் நாவலாசிரியை வர்ஜீனியா உல்ஃபைப் பெற்றவர் அவர்தான். வேஷமில்லை, நாடகமில்லை. நம்மை நேரே பார்க்கிறார். இவரைப் பெற்றவள் "யார் இது?" என்று கேட்டிருக்க முடியாது.

1875-ல் கேமரூன் கணவரோடு இலங்கைக்குக் குடிபோனார். அங்கேயும் பழைய பழக்கம் விடவில்லை. களுத்துறைக்கு விருந்தாளியாக வந்த சித்திரக்காரி மரியான் நார்த்துக்குக் கம்பளிச் சால்வை சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னங்கீற்று தலையில் குத்தும்படி நிறுத்தி, இயல்பாக இருக்கச் சொன்னாராம். அப்போது வெயில் 96 டிகிரி என்று நார்த் எழுதிவைத்திருக்கிறார். அதே இலங்கையில் அவர் எடுத்து எஞ்சிய படங்கள் சொற்பம். அவற்றில் குடியானவர்களும் தோட்ட வேலைக்காரர்களும் நிற்கிறார்கள். பெரும்பாலும் வேஷமில்லை. ஹெர்ஷலுக்குச் சற்றும் குறையாத முகங்கள். ஆனால் பெயர் இல்லை. இங்கிலாந்து வேலைக்காரிக்குப் பெயர் உண்டு. இவர்கள் வெறும் 'குடியானவர்கள்'. எங்கள் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கப்பலேறியவர்கள் எத்தனையோ பேர். எவர் வீட்டுப் பிள்ளையோ என்று அந்த முகங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமரூனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதரின் தாயாரும் மாடியில்தான் இருந்தார். வற்றலைப் பரப்பிவிட்டுக் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தார். படத்தில் விழாதபடி சற்றுத் தள்ளி உட்காருமாறு நான்தான் சொன்னேன். அவர் காலமானபின் ஒரு நல்ல படம் இருக்கிறதா என்று சிநேகிதர் கேட்டு வந்தார்.