கற்ற தையலும் கல்லாத நெசவும்

வறுமை மிக்க நாடொன்று தொழில்வளம் பெற எங்கே தொடங்க வேண்டும்? ஆடை தைத்து ஏற்றுமதி செய்வதே முதற்படி என்பது பொருளியலார் பலருடைய விடை. பெருமுதல் வேண்டா, தையல் எந்திரமும் அதனை இயக்கும் கைகளும் போதும் என்பர். இவ்விடைக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது வங்காளதேசம். அந்நாட்டின் கதையை உலகறியச் செய்த நூல்களுள் ஒன்று, உலக வங்கியில் நெடுங்காலம் பணியாற்றிய வில்லியம் ஈஸ்டர்லி 2001-இல் வெளியிட்ட ‘தி எலூசிவ் குவெஸ்ட் ஃபார் குரோத்’ என்பதாகும். கைக்கெட்டாத வளர்ச்சியைத் தேடிய வரலாற்றை அது கூறுகின்றது.

நூல் கூறும் கதை சுவையானது. 1971-இல் விடுதலை பெற்ற வங்காளதேசம் அந்நாளிற் சணல் ஏற்றுமதியையே பெரிதும் நம்பியிருந்தது. நூருல் காதர் என்னும் முன்னாள் அரசு அதிகாரி ‘தேஷ்’ என்னும் ஆடைத் தொழிற்சாலையைத் தோற்றுவித்துத் தென்கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டார். 1979-இல் தொழிலாளர் 130 பேர் கொரியா சென்று பயின்று திரும்பினர். 1981-இல் தேஷ் அவ்வுடன்படிக்கையை முடித்துக்கொண்டு தனித்து நின்றது. பயின்றவருள் 115 பேர் நாளடைவில் அதனை விட்டு விலகினர். சிலர் தாமே ஆலை தொடங்கினர். சிலர் பிற ஆலைகளிற் சேர்ந்தனர். ஓரிடத்திற் கற்ற அறிவு கரையிற் கசியும் வாய்க்கால் நீர்போல அக்கம்பக்கத்து வயல்களுக்கும் பாய்ந்தது என்பது ஆசிரியர் கருத்து.

இக்கருத்தில் உண்மை உண்டு. பரவியது தையல் அறிவு மட்டுமன்று. சுங்கவரி கட்டாமலே துணியை இறக்கி வைக்கும் பிணைக் கிடங்கு முறையும், அயல்நாட்டு வாணிகர் தந்த கடன் உறுதிக் கடிதத்தை ஈடாகக் காட்டித் துணி வாங்கும் வங்கி முறையும் பரவின. இன்று அத்தொழிலில் ஏறக்குறைய 40 இலட்சம் பேர் உழைக்கின்றனர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். நாட்டின் ஏற்றுமதி வருவாயில் நூற்றுக்கு 80-க்கு மேல் ஆடையால் வருவது. இதனைச் சிறுமைப்படுத்துதல் நேர்மையாகாது.

எனினும், கதை எங்கே முடிகின்றது என்பதே கேள்வி. கொரியர் வங்காளதேசத்தை நாடியது ஏன்? 1974-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு இழைநூல் ஒப்பந்தம், கொரியாவின் ஆடைகளுக்குக் கோட்டா வரம்பு விதித்தது. வங்காளதேசத்திற்கோ அந்நாளில் வரம்பு இல்லை. இதனை ஆசிரியர் மறைக்கவில்லை. ஆயினும் கதையின் பாரத்தை அறிவின்மேலேயே ஏற்றுகின்றார். 2004-இன் இறுதியில் அவ்வொப்பந்தம் ஒழிந்தபோது வங்காளதேசத் தொழில் வீழுமெனப் பலர் அஞ்சினர். அது வீழவில்லை, வளர்ந்தது. இவ்வளவில் ஆசிரியர் வாதமே வென்றது எனலாம். ஆயினும் எல்லா நாட்டிற்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை. எத்தியோப்பியாவின் ஹவாசாத் தொழிற்பூங்கா 2016-இல் திறக்கப்பட்டது. உள்நாட்டுப் போரைக் காரணங்காட்டி 2022-இன் தொடக்கத்தில் அமெரிக்கா வரிச்சலுகையை நீக்கியதும், அங்கே வேலையிழந்தோர் பலர். அவர் கற்ற தொழில் கையிலேயே இருந்தது, வாயில்தான் அடைபட்டது.

இதனினும் ஆழ்ந்த குறையொன்று உண்டு. தையல் அறிவு தானே கசிந்தது. நெசவறிவு அவ்வாறு கசியவில்லை. சட்டை தைக்கும் துணியில் பெரும்பகுதியை அந்நாடு நெடுங்காலம் வெளியிலிருந்தே பெற்றது. பின்னலாடைத் துணி மட்டும் எவ்வாறு உள்நாட்டிற் பெருகியது? துணியும் உள்நாட்டிலேயே ஆக்கப்பட்டால்தான் வரிச்சலுகை என்று ஐரோப்பா 2011 வரை விதித்திருந்த விதியும், உள்நாட்டு நூலைக் கொள்வோர்க்கு அரசு தந்த ஊக்கத்தொகையும், எரிவாயுவும், வங்கிக் கடனும் ஒன்றுகூடியே அதனைச் செய்தன. கசிவுக்குக் காத்திராமல் வாய்க்கால் வெட்டியதன் பயன் அது. கொரியாவோ தையலோடு நில்லாமல் செயற்கை இழை ஆலைகளை எழுப்பிற்று. 1973-இல் போகாங் உருக்காலையை இயக்கிற்று. ஆசான் ஏறிய படிகளைச் சொல்லாமல், மாணாக்கன் ஏறிய முதற்படியை மட்டும் நூல் வியந்து நிற்கின்றது.

தொழிலாளர் குரல் இக்கதையில் ஒலிப்பதும் அரிது. 2013 ஏப்ரல் 24-இல் சவாரில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். முந்திய நாளே சுவரில் வெடிப்புக் கண்டு கீழ்த்தளத்து வங்கி மூடப்பட்டது. தையலாலைத் தொழிலாளரோ மறுநாளும் வேலைக்கு அழைக்கப்பட்டனர். ஆபத்தை அறியாமல் நேர்ந்த கேடன்று அது. வேலைக்கு மறுத்தால் கூலி போகும் என்னும் அச்சம் அவரை உள்ளே தள்ளிற்று. அறிவு பரவினால் நன்மை தானே பரவும் என்போர் இதற்கு விடை கூறுதல் வேண்டும்.

ஈஸ்டர்லியின் நூல் படிக்கத்தக்கது. ஏழை நாட்டு மக்கள் கற்கவல்லவர் என்பதை அது மெய்ப்பித்துவிட்டது. ஆனால் பிறர் கொணர்ந்த துணியைப் பிறர் தந்த அளவிற்குத் தைக்கக் கற்றவன், துணியையும் எந்திரத்தையும் ஆக்கக் கற்கும் நாளிலேயே நாடு தொழில்நாடாகும். அந்த இரண்டாம் பாடத்தை யார், எவ்வாறு, எவர் செலவிற் கற்பிப்பது என்னும் கேள்வியை ஆசிரியர் எழுதாது விட்டார். அதனை எழுப்பிக்கொண்டு படிப்போர்க்கே இந்நூல் முழுப்பயன் தரும்.