ஆமை கற்றுத் தந்ததும் தராததும்

கணிப்பொறிக்குப் புரோகிராம் எழுதக் கற்பிக்க இரண்டு வழிகள் உண்டு. இலக்கணத்தை முதலில் வரிசையாகப் படித்து முடித்து, பிறகு பயன்படுத்துவது ஒன்று. முதல் நாளே ஏதேனும் ஒன்றைச் செய்யத் தொடங்கி, தேவை எழும்போது அதற்கான இலக்கணத்தைக் கற்பது மற்றொன்று. இரண்டாவது வழிக்கு உலகெங்கும் ஆதரவு தேடித் தந்த நூல், சீமோர் பேப்பர்ட் 1980-இல் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்'. அந்த நூல் சொன்னதில் எவ்வளவு நிலைத்தது, எவ்வளவு வெறும் ஆசையாக நின்றது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில், செய்முறைத் திட்டம் என்ற பெயரில் இன்று குழந்தைகளுக்கு நடக்கும் பல வகுப்புகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் 1928-இல் பிறந்த கணித அறிஞர். ஜெனீவாவில் குழந்தை உளவியல் மேதை ழான் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றியவர். 1967-இல் வாலி ஃபாயர்சைக், சிந்தியா சாலமன் முதலியோருடன் சேர்ந்து, குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்னும் கணிப்பொறி மொழியை உருவாக்கினார். அதன் நாயகன் ஓர் ஆமை. முதலில் தரையில் ஊர்ந்து கோடு வரையும் சிறு இயந்திரமாகவும், பின்னர் திரையில் நகரும் குறியாகவும் அது விளங்கியது.

பிழையே பாடம்

ஆமையின் சிறப்பை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். சமபக்க முக்கோணம் வரைய வேண்டும். அதன் கோணம் 60 பாகை என்பது மாணவனுக்குத் தெரியும். ஆகவே '100 அடி முன்னே போ, 60 பாகை வலப்புறம் திரும்பு' என்று மூன்று முறை ஆணையிடுகிறான். முக்கோணம் வரவில்லை, அறுகோணத்தில் பாதி வருகிறது! ஏன்? ஆமை திரும்புவது உட்கோணத்தில் அன்று; வெளிக்கோணத்தில். மாணவன் எழுந்து நின்று, ஆமையைப் போல் தானே நடந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும். புறப்பட்ட இடத்துக்கு வந்து பழைய திசையையே நோக்கி நிற்க, மொத்தம் 360 பாகை திரும்ப வேண்டும். மூன்று திருப்பங்கள் என்றால் ஒவ்வொன்றும் 120 பாகை.

தேர்வுத் தாளில் இது சிவப்பு மையால் அடிபடும் பிழை. இங்கோ அதுவே அடுத்த படி. பிழையைக் கண்டு வெட்கப்படாமல் அதை ஆராயச் செய்ததே பேப்பர்ட்டின் பெருங்கொடை. இதை யாரும் மறுக்க இயலாது.

ஆனால் நூல் இத்துடன் நிற்கவில்லை. கணிப்பொறியோடு பழகும் குழந்தைகள் சிந்திக்கும் முறையே மாறும், தம் சிந்தனையைத் தாமே ஆராயக் கற்பார்கள் என்ற நம்பிக்கையையும் ஊட்டியது. இங்கேதான் நாம் சற்று நின்று கேட்க வேண்டும்.

சோதனை சொன்னது என்ன?

நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்விக் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லாண்ட் இருவரும் 1980-களின் முற்பகுதியில் இதைச் சோதித்தனர். ஓராண்டு லோகோ பயின்ற குழந்தைகளிடம், வகுப்பறை வேலைகளை எந்த வரிசையில் செய்தால் நடை மிச்சமாகும் என்று திட்டமிடச் சொன்னார்கள். லோகோ பயிலாத குழந்தைகளைவிட அவர்கள் சிறப்பாகச் செய்யவில்லை.

மற்றொரு குறையும் தெரிந்தது. தன்னைத் தானே அழைக்கும் ஆணைத் தொடரைப் பல குழந்தைகள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தனர். நீங்களே முயன்று பாருங்கள். ஒரு தொடருக்கு நான்கு வரிகள்: கொடுத்த எண் பூஜ்யமானால் நிறுத்து, எண்ணை அச்சிடு, ஒன்று குறைந்த எண்ணுடன் இதே தொடரை அழை, எண்ணை மீண்டும் அச்சிடு. 3 கொடுத்தால் என்ன வரும்? '3, 2, 1' என்பீர்களானால், அழைப்பை வெறும் 'மேலே திரும்பு' என்று எண்ணிவிட்டீர்கள். சரியான விடை '3, 2, 1, 1, 2, 3'. ஒவ்வோர் அழைப்பும் முடிந்ததும், அழைத்த இடத்துக்குத் திரும்பி, விட்ட வேலையை முடிக்கிறது. அழகான கோலம் ஒன்றைத் திரையில் வரவழைக்க இந்த அறிவு தேவையில்லை. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாலே போதும். திட்டம் முடியும், புரிதல் பிறக்காது. செய்முறை வழியின் உண்மையான ஆபத்து இதுவே.

பேப்பர்ட் 1987-இல் பதில் எழுதினார். லோகோவால் பயன் உண்டா என்று கேட்பது, மரத்தால் நல்ல வீடு அமையுமா என்று கேட்பது போன்றது என்பது அவர் வாதம். நியாயமே. ஆனால் அப்படியானால் தச்சரைப் பற்றியல்லவா அதிகம் பேசியிருக்க வேண்டும்? அவர் நூலிலேயே பிரேசில் நாட்டு சாம்பா நடனப் பள்ளிகளைப் புகழ்கிறார். அங்கே தேர்ந்தவரும் புதியவரும் ஒரே களத்தில் ஆடுகின்றனர். புதியவர் கற்பது அருகில் ஆடுபவரைக் கண்டுதான். நூலைப் பின்பற்றிய பலர் ஆமையை எடுத்துக்கொண்டு, இந்தத் தேர்ந்த துணையை விட்டுவிட்டனர்.

துணை கிடைத்தால் என்ன ஆகும்? ஷாரன் கார்வர், டேவிட் கிளார் என்னும் இரு ஆய்வாளர்கள் 1980-களில் இதைக் காட்டினர். பிழை திருத்தும் முறையை அவர்கள் குழந்தைகளுக்கு வெளிப்படையாகவே கற்பித்தார்கள். விரும்பியது என்ன, வந்தது என்ன, வேறுபாடு எத்தகையது, அது எந்தப் பகுதியில் பிறந்திருக்கும் என்பதே அந்த முறை. அக்குழந்தைகள், கணிப்பொறிக்குத் தொடர்பில்லாத எழுத்துக் குறிப்புகளில் உள்ள பிழைகளையும் முன்பைவிடத் திறமையாகக் கண்டுபிடித்தனர். தானாக வராத திறமை, சொல்லிக் கொடுத்தபோது வந்தது.

ஆகவே நம் தீர்ப்பு இது. திட்டத்தில் தொடங்குங்கள், பேப்பர்ட் அதில் சரியே. ஆனால் திட்டம் முடிந்ததையே கல்வி என்று கொள்ளாதீர்கள். இயக்குவதற்கு முன், என்ன வரும் என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். பிழை வந்தால் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கச் சொல்லி, மேற்சொன்ன நான்கு கேள்விகளைக் கேளுங்கள். வேலை முடிந்ததும் ஒரு வரியை மாற்றினால் என்ன ஆகும் என்று வினவுங்கள். 2007-இல் வெளிவந்த 'ஸ்க்ராட்ச்' போன்ற புதிய மொழிகளுக்கும் இது பொருந்தும்.

ஆமை நல்ல வாகனம். ஆனால் வழி காட்ட ஓர் ஆசிரியர் பக்கத்தில் நடக்க வேண்டும்.