'குடிமகன்' என்னும் சொல்வழக்கு

பொதுமக்களுள் ஒருவனைக் குறிக்க இக்காலத்தார் வழங்கும் சொற்களுள் 'குடிமகன்' தலையாயது. பண்டைக் 'குடி'யின் பெருமையே இச்சொல்லில் நேரே தொடர்கின்றது எனக் கொள்வாரும் உளர். இடைக்கால வழக்கை நோக்காத கொள்கை அது.

திருக்குறளில் குடி என்பது இருபொருட்டு. 'குடிமை', 'குடிசெயல்வகை' என்னும் அதிகாரங்களில் அது பிறந்த குலத்தைக் குறிக்கும். இறைமாட்சியில், அரசனுக்குரிய ஆறனுள் ஒன்றாய் எண்ணப்படுங்கால் ஆளப்படும் மக்களைக் குறிக்கும். புறநானூற்று 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையே குடியெனச் சிறப்பித்தார். துடியும் பறையும் முழக்குவோர் ஆண்டுத் தாழ்த்தப்பட்டிலர்.

பிற்கால ஊர்வழக்கிலோ பொருள் வேறாயிற்று. நிலமுடையார்க்கு வழிவழியாகப் பணிபுரிந்து, களத்தில் தவசம் கூலியாகப் பெற்ற வண்ணார், நாவிதர் முதலியோரே 'குடிமக்கள்' எனப்பட்டனர். 'பதினெண் குடிமக்கள்' என்னும் தொகைப்பெயரும் எழுந்தது. கொங்கு நாட்டில் குடிமகன் என்பது நாவிதரையே சிறப்பாகக் குறிக்கும். கம்பர் பெயரால் வழங்கும் மங்கல வாழ்த்தைத் திருமணத்தில் பாடுபவரும் அவரே. மணமக்களை வாழ்த்தும் உரிமை அவர்க்கு இருந்தது. வாழ்த்தப்பெற்றாரோடு ஒப்ப அமரும் உரிமை நெடுங்காலம் இருந்திலது.

1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, சாதியும் சொத்தும் நோக்காது வயதுவந்தார் அனைவர்க்கும் வாக்குரிமை நல்கியது. பணிசெய்வாரைக் குறித்த அதே சொல் உரிமையுடையாரைக் குறிக்கலாயிற்று. மதுவுண்பாரைக் 'குடிமகன்' என நகையாடுவது, பருகுதலைக் குறிக்கும் வேறொரு 'குடி'யின்பாற் பட்ட சிலேடையாகலின், ஈண்டைக்கு வேண்டப்படுவதன்று.

'பழங்குடி' என்னும் சொல்லும் இவ்வாறே ஒப்புநோக்கத்தக்கது. குடிமை அதிகாரத்தில் அது தொன்றுதொட்டு வரும் உயர்குடியாகும். இன்று அது மலைவாழ் மக்கள் முதலியோரைக் குறிக்கும் சட்டச்சொல். கொல்லிமலையும் அதன் அடிவாரமும் அடங்கிய சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டது. வள்ளுவர் உயர்குடிக்கு வழங்கிய பெயரை இன்று தாங்குவோர், நெடுங்காலம் கடைப்பட்டோராகக் கருதப்பட்ட மலைமக்களே.

ஆதலின் அகராதி தொகுப்போர், 'குடிமகன்' என்பதற்கு நற்குடிப் பிறந்தோன், நாட்டுரிமையுடையோன் என்னும் இருபொருளையும் தந்து, இடையிலுள்ள ஊர்ப்பணியாளன் என்பதனை நாகரிகங் கருதி விடுத்தல் தகாது. அதனை விடுத்தால், இச்சொல்லுக்கு உரிமைப்பொருள் புதிதாக வந்தமை மறையும். அதனை நேற்றுவரை இழிவாகக் கேட்டிருந்தவர்தம் வரலாறும் மறையும். மூன்று பொருளையும் கால அடைவில் நிறுத்துதலே ஆராய்ச்சி நெறியாம்.