எளிமையும் இணங்கிப்போதலும்: ‘ஃபோலிங் இன்ரு இன்ஃபினிற்றி’ இசைத்தொகுப்பு பற்றிய ஒரு நோக்கு

கலைஞன் மக்களை நோக்கி இறங்கிவர வேண்டுமா, அன்றி மக்கள் கலையை நோக்கி உயர வேண்டுமா என்னும் வினா இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. சந்தையை நம்பி இயங்கும் எக்கலையும் இவ்வினாவை எதிர்கொண்டேயாக வேண்டும். ‘ட்றீம் தியேற்றர்’ என்ற அமெரிக்க இசைக்குழு 1997இல் வெளியிட்ட ‘ஃபோலிங் இன்ரு இன்ஃபினிற்றி’ இவ்வகையில் ஆராயத்தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

பொஸ்ரன் நகரின் பேர்க்லி இசைக் கல்லூரியில் பயின்ற ஜோன் பெற்றூச்சி, ஜோன் மியுங், மைக் போட்னோய் ஆகிய மூவரும் 1985இல் இக்குழுவைத் தொடக்கினர். மெற்றல் இசையின் வன்மையோடு, மாறிச்செல்லும் தாளக்கட்டுக்களையும் பல பகுதிகளாக விரியும் நீண்ட அமைப்பையும் இணைப்பது இவர்களது முறை. இதனைப் ‘புறோகிறெசிவ் மெற்றல்’ என்பர். 1992இல் வெளிவந்த ‘இமேஜஸ் அன்ட் வேர்ட்ஸ்’ தொகுப்பில் எட்டு நிமிடத்துக்கும் மேற்பட்ட ‘புல் மீ அன்டர்’ என்ற பாடல், சுருக்கப்பட்ட வடிவில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பரவி எதிர்பாராத வெற்றியை ஈட்டியது. அவ்வெற்றியே பின்னர் சுமையாயிற்று எனலாம். இன்னொரு வெற்றிப் பாடலை நிறுவனம் எதிர்பார்த்தது.

இரு தட்டுக்களை நிரப்பத்தக்க பாடல்கள் குழுவினரிடம் இருந்தன. நிறுவனமோ ஒரு தட்டே போதும் என்றது. ஏறத்தாழ இருபது நிமிட நீளமான ‘மெற்றோபோலிஸ்’ இரண்டாம் பகுதி ஒதுக்கப்பட்டது. ‘யூ ஓர் மீ’ என்ற பாடல், வெற்றிப் பாடல்களுக்குப் பெயர்பெற்ற டெஸ்மன்ட் சைல்டின் துணையுடன் திருத்தப்பட்டு ‘யூ நொட் மீ’ ஆயிற்று.

இதனால் இத்தொகுப்பு முழுவதும் தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூறுவது பொருந்தாது. ‘ஹொலோ யேர்ஸ்’ எளிய பாடலே. ஆயின் அதன் எளிமை பாடலின் உணர்விலிருந்தே பிறந்தது. கிற்றாரின் மென்மையும் குரலின் அடக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ‘யூ நொட் மீ’ பாடலின் எளிமையோ வெளியிலிருந்து விதிக்கப்பட்டது. அதன் பல்லவி செவியில் உடனே பதிகிறது, மனதில் தங்குவதில்லை. மறுபுறம், பதின்மூன்று நிமிடமளவு நீளும் ‘ட்றயல் ஒஃப் ரியர்ஸ்’ குழுவின் இயல்பான ஆற்றலைக் காட்டுகிறது. எனவே குறை எளிமையிலன்று. இருவேறு நோக்குகள் ஒரே தட்டில் இணங்காது நிற்பதிலேயே உள்ளது.

விளைவு யாது? அமெரிக்காவின் பில்போட் பட்டியலில் முந்திய தொகுப்பான ‘அவேக்’ 1994இல் 32ஆம் இடத்தை எட்டியிருக்க, இது 52ஆம் இடத்துடன் நின்றது. புதிய இரசிகர் திரளவில்லை. பழைய இரசிகருட் பலர் ஐயுற்றனர். குழுவை விட்டு விலகுவது பற்றியும் போட்னோய் அக்காலத்தில் எண்ணினார்.

ஒதுக்கப்பட்ட அந்த ‘மெற்றோபோலிஸ்’ கருவே விரிந்து 1999இல் ‘சீன்ஸ் ஃபுறொம் எ மெமறி’ என்ற முழுநீளக் கதைத்தொகுப்பாயிற்று. அது பட்டியலில் 73ஆம் இடத்தையே பெற்றது என்பதும் மறைக்கத்தக்கதன்று. ஆயினும் குழுவின் தலைசிறந்த படைப்பாக இரசிகர் பலர் போற்றுவது அதனையே. ஆறே பாடல்கள் கொண்ட 2009ஆம் ஆண்டுத் தொகுப்பு அதே பட்டியலில் 6ஆம் இடத்தை அடைந்தது; அவ்வாறினுள் நான்கு பன்னிரண்டு நிமிடத்துக்கு மேற்பட்டவை.

நீளமே கலையன்று, சுருக்கம் பிழையுமன்று. ஆயினும் கேட்போர் எளியதையே விரும்புவர் என முன்கூட்டியே முடிவுசெய்வது, கலைஞனை மட்டுமன்றிக் கேட்போரையும் தாழ்த்துவதாகும். 1992இல் எட்டு நிமிடப் பாடலொன்றுக்குச் செவிசாய்த்தவர்களை 1997இல் நிறுவனம் மறந்துவிட்டது. இத்தொகுப்பின் தோல்வி, மக்களை நெருங்க முயன்றதால் வந்ததன்று. மக்களைக் குறைத்து மதிப்பிட்டதால் வந்ததாகும்.