காணொளி விளையாட்டில் உலகியலும் நாடகமும்

காணொளி விளையாட்டுக்களை ஆராய்வாரிடையே மீண்டும் மீண்டும் எழும் வினா ஒன்று உண்டு. திரையில் தோன்றும் காட்சி உலகப் பொருளை உள்ளவாறே ஒத்திருத்தல் சிறப்போ, கலைஞரின் புனைவுக்கேற்ப வேறுபட்டு நிற்றல் சிறப்போ என்பதே அது. இருசாராரும் தத்தம் கொள்கையை நிலைநாட்ட முயல்வர். ஆயின், வினாவே செவ்விதின் அமைந்ததா என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

தொல்காப்பியர் அகப்பாட்டின் புலனெறி வழக்கத்தைக் கூறுமிடத்து, நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டனையும் ஒருங்கே வைத்தார்; ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தினாரல்லர். செய்யுளுக்கு வகுத்த நெறியை விளையாட்டின்மேல் அப்படியே ஏற்றுதல் பொருந்தாது. எனினும், இரண்டும் ஒரு பயன் கருதிக் கூடுவன என்னும் கருத்து நமக்கு வழிகாட்டும். விளையாட்டில் அப்பயன் ஆடுவோரின் செயலைச் சார்ந்தது. ஓவியத்தைக் காண்போர் கண்டு நுகர்வர். விளையாட்டில் ஆடுவோரோ காட்சியைக் கண்டு, செய்வது துணிவர். ஆதலின், அத்துணிவுக்குக் காட்சி எவ்வாறு துணைநிற்கின்றது என்பதே அளவுகோலாதல் வேண்டும். இதனை இரண்டு படைப்புக்களின் வழி ஆராய்வோம்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ, தன் புதிய ‘கேம்கியூப்’ கருவியின் ஆற்றலைப் புலப்படுத்தச் சில படக்காட்சிகளைக் காட்டிற்று. அவற்றுள் ஒன்றில், ‘செல்டா’ வரிசையின் தலைவனாகிய லிங்க் மெய்யான வீரனைப் போலத் தோன்றி வாட்போர் புரிந்தான். மறு ஆண்டு காட்டப்பெற்ற படைப்பிலோ, அவன் பெரிய தலையும் அகன்ற விழியும் உடைய சிறுவனாய், வண்ணக் கேலிப்படத்து உருவம்போல் நின்றான். முன்னைய காட்சியை நம்பியிருந்தோர் பலர் ஏமாற்றமுற்றனர். இது சிறுவர்க்கே உரியதென ஒதுக்கினாரும் உளர். 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த ‘விண்ட் வேக்கர்’ என்பது இதுவே.

இப்படைப்பில் ஆடுவோர் பாய்மரப் படகிற் பெருங்கடலைக் கடத்தல் வேண்டும். அதற்குக் காற்றின் திசையை அறிதல் இன்றியமையாதது. காற்றோ கண்ணுக்குப் புலனாகாதது. உள்ளதை உள்ளவாறே தீட்டுவோர், அலையும் கொடியும் அசைதலால் அதனைக் குறிப்பாக உணர்த்தலாமேயன்றிக் காற்றைக் காட்டுதல் இயலாது. இங்குக் கலைஞர் காற்றையே சுழன்றோடும் வெண்கோடுகளாகத் தீட்டினர். லிங்கின் பெரிய விழிகளும் அத்தகையனவே. அருகே கருதத்தக்க பொருள் ஒன்று இருப்பின் அவை அதன்பால் திரும்பும். ஆடுவோரும் அவ்வழியே நோக்கி அதனைக் கண்டுகொள்வர். குறைபாடெனப் பழிக்கப்பெற்ற விழிப்பெருமை குறிப்பு மொழியாய் நின்று பயன் தந்தமை காண்க. எனினும் இது முற்றிலும் நாடக வழக்கன்று. காற்றின் திசைக்கேற்பப் படகின் விரைவு மாறுதல் உலகியலே.

இனி, உலகியலையே முதன்மையாகக் கொண்ட ஒன்றை நோக்குவோம். 2011இல் வெளிவந்த ‘எல்.ஏ. நுவார்’, 1947ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் களமாகக் கொண்டது. ஆடுவோர் துப்பறியும் அதிகாரியாய் நின்று, வினவப்படுவோர் கூறுவது மெய்யோ, ஐயத்திற்கு உரியதோ, பொய்யோ எனத் துணிதல் வேண்டும். இதன்பொருட்டு நடிகரின் முகத்தை 32 கேமராக்கள் சூழ நின்று பதிவு செய்தன. இமை தாழ்தலும் இதழ் துடித்தலும் இங்குச் சான்றுகள். மெய்ப்பாடு தேர்தலே ஆடுவோர் தொழிலாதலின், முகம் உண்மை முகத்தை ஒத்தாலன்றி இவ்விளையாட்டு நடவாது. விண்ட் வேக்கரின் கேலிப்பட முகம் இங்குப் பயன்படாது.

ஆயினும் இங்கும் நாடக வழக்குப் புகுந்துள்ளது. பொய்யுரைப்போர் தம் முகக்குறிப்பைச் சற்று மிகுத்தே காட்டுகின்றனர். வாழ்வில் கைதேர்ந்த பொய்யர் அவ்வாறு காட்டார். மிகுத்துக் காட்டாவிடின் ஆடுவோர் தேர்தல் அரிதாகும். மேலும், முகத்திற்கு வாய்த்த உயிர்ப்பு உடலசைவிற்கு அத்துணை வாய்த்திலது. சிலவிடங்களில் உயிருள்ள முகம் பாவையுடல்மேல் அமர்ந்ததுபோல் தோன்றுகின்றது. உலகியலை நாடும் படைப்பு ஓரிடத்து மிக ஒத்தவழி, ஒவ்வா இடம் மிகுதியும் புலப்படும் என்பது இதனாற் பெறப்படும்.

‘செல்டா’ வரிசையே 2006இல் ‘டுவைலைட் பிரின்சஸ்’ வாயிலாக உலகியல் தோற்றத்தை நாடிற்றன்றோ என வினவலாம். உண்மையே. வளர்ந்த இளைஞனைத் தலைவனாகக் கொண்டு இருள் செறிந்த கதையைக் கூறும் அதற்கு அத்தோற்றம் ஏற்புடையது. ஒரே வரிசை இரு நெறியையும் தழுவியமை, நெறிகளுக்குள் இயல்பான உயர்வு தாழ்வு இன்மையைக் காட்டுகின்றது.

2001இல் எழுந்த பழிப்பின் பிழை இப்பொழுது விளங்கும். அப்பழிப்புரைத்தோர் கருவியின் ஆற்றலை அளந்தனர், படைப்பை அளந்திலர். கருவியின் ஆற்றல் அடுத்த கருவி தோன்றுங்கால் பழையதாகிவிடும். 2013இல் விண்ட் வேக்கர் புதிய கருவிக்கென மீண்டும் வெளியிடப்பட்டபொழுது காட்சி நுண்மையும் ஒளியமைப்பும் மாறின. அகன்ற விழிகளும் வெண்கோட்டுக் காற்றும் மாறில. மாற்ற வேண்டாதவை எவையோ அவையே அப்படைப்பின் கலை எனத் துணியலாம். தோற்றம் மெய்யை ஒத்ததா என்னும் வினாவிற்கு முன்னர், அத்தோற்றத்தை நீக்கினால் ஆடுவோர் எதனை இழப்பர் என வினவுதலே ஆய்வாளர்க்குக் கடனாம்.