சொல்லவில்லையா, கேட்கவில்லையா?

தாவீதின் மகள் தாமார், தந்தைவழிச் சகோதரன் அம்னோனால் சீரழிக்கப்பட்டபின் தலையில் சாம்பலைத் தூவி, ஆடையைக் கிழித்துக் கதறிச் சென்றாள் (2 சாமு 13). உடன்பிறந்த அப்சலோம் அவளை வாய்மூடியிருக்கச் சொன்னான். தாவீது சினம் கொண்டாரேயன்றி வேறெதுவும் செய்ததாக அந்நூல் கூறவில்லை. பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைகள் அதனை எவ்வாறு வெளியிடுகின்றனர் என்பது பற்றிய ஆய்வுகளைப் படிக்கையில் இக்காட்சியே என் கண்முன் நின்றது.

அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983இல் ஐந்து நிலைகளை வகுத்துரைத்தார்: இரகசியம், கையறுநிலை, சிக்குண்டு பழகிப்போதல், காலந்தாழ்ந்த தடுமாற்றமான வெளிப்பாடு, இறுதியாகச் சொன்னதை மறுத்தல். தாமதமாகச் சொல்வதாலேயே பிள்ளை பொய் சொல்கிறது என்னும் வாதத்தை அவர் கட்டுரை வலுவிழக்கச் செய்தது. இது அதன் பெரும்பயன். ஆனால் மறுத்தலையும் ஒரு பொதுநிலையாக வைத்தது அதன் குறை. 2005இல் பல ஆய்வுகளை ஒப்புநோக்கிய அறிஞர்கள் காலத்தாழ்வை உறுதிசெய்தனர். எனினும், முறையாகக் கேட்கப்பட்ட பிள்ளைகளுள் பெரும்பாலோர் மறுப்பதில்லை என்றனர். 2007இல் 257 வழக்குகளை ஆராய்ந்த மற்றொரு குழு, ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் பின்வாங்கியதைக் கண்டது. குற்றவாளி தந்தை நிலையிலிருந்து, தாய் முதலானோர் துணை நில்லாத வீடுகளிலேயே அது மிகுதி. ஆக, பிள்ளையின் வாயை அடைப்பது பெரும்பாலும் அதன் மனமன்று, வீடே.

நம் நடுவண் அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளை வினவியது. 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். மிகப்பலர் எவரிடமும் முறையிடவில்லை. அம்மாநிலங்களுள் தமிழகம் இல்லை. அதனால் பெரம்பலூரும் அரியலூரும் விலக்கு ஆகிவிடுமா? தந்தை வெளிநாட்டிலும் தாய் பருத்தி, மக்காச்சோளக் காட்டிலும் இருக்க, உறவினர் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் இங்கு உண்டு. "அந்த மாமா வீட்டுக்கு நான் போகமாட்டேன்" என்று ஒரு சிறுமி அடம்பிடித்தால், காரணம் கேளாமல் அதட்டி அனுப்புகிறோம். ஒருவேளை அவள் சொல்லத் தொடங்கிய முதற்சொல் அதுவாயிருக்கலாம்.

திருச்சபையாகிய நாமும் குற்றமற்றவர்களல்லோம். கத்தோலிக்க நிறுவனங்கள் உள்ளிட்ட பலவற்றை விசாரித்து ஆஸ்திரேலிய அரச ஆணையம் 2017இல் இறுதி அறிக்கை தந்தது. அதன் தனியமர்வுகளில் பேசியோர், முதன்முறை ஒருவரிடம் வாய்திறக்கச் சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆயின.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். 1098 என்னும் எண்ணும் உண்டு. குடும்ப மானமும் பங்கின் நற்பெயரும் இக்கடமைக்கு மேற்பட்டவையல்ல.

ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையை நாடி நடந்து செல்லும் மக்கள் நாம். நம்மிடம் அடைக்கலம் தேடி வரும் பிள்ளையை முதலில் நம்புவோம், குறுக்கிடாமல் கேட்போம். அப்சலோமின் சொல் நம் இல்லங்களில் ஒலிக்க வேண்டாம்.