தொலைவில் நின்றவனின் எழுத்து

போரின் நடுவே இராத ஒருவர் போரைப் பற்றிப் புதினம் எழுதலாமா? ஈழத் தமிழரான அனுக் அருட்பிரகாசத்தின் இரு ஆங்கிலப் புதினங்களைப் படிப்போர் எவரும் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது. 1988இல் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர் அவர்; அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 2009இல் வன்னி மண் பற்றியெரிந்தபோது அங்கே இருந்தவரல்லர்.

2016இல் வெளிவந்த முதற் புதினம் 'தி ஸ்டோரி ஆஃப் எ பிரீஃப் மேரேஜ்'. போரின் இறுதிக் காலத்தில், முகாமொன்றில், ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவுமே கதை நிகழும் காலம். சோமசுந்தரம் என்னும் தந்தை, தம் மகள் கங்காவை மணந்துகொள்ளுமாறு தினேஷ் என்ற இளைஞனை வேண்டுகிறார். எறிகணைகளுக்கிடையே தினேஷ் குளிப்பதையும், தலைமுடியை வெட்டிக்கொள்வதையும், மலம் கழிக்கக் கடலோரம் ஒதுங்குவதையும் ஆசிரியர் பக்கம் பக்கமாக விவரிக்கிறார். இவையெல்லாம் தேவைதானா என முகம் சுளிப்போர் உண்டு. எனக்கோ புதினத்தின் உயிர்ப்பகுதி இதுவே எனப்படுகிறது. செய்தித்தாள்கள் அம்மக்களை நமக்கு எண்ணிக்கையாகவே தந்தன. அழுக்குத் தேய்த்துக் குளிக்கும் உடலை எண்ணிக்கையாக்க முடியாது. 2017இல் தெற்காசிய இலக்கியத்திற்கான டி.எஸ்.சி. பரிசு இந்நூலுக்குக் கிடைத்தது.

2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற 'எ பேசேஜ் நார்த்' மாறான வழியில் செல்கிறது. தன் பாட்டியைப் பராமரித்த இராணி கிணற்றில் விழுந்து இறந்தாள் என்ற செய்தி கேட்டு, கிருஷான் கொழும்பிலிருந்து வடக்கே இரயிலேறுகிறான். இராணி தன் இரு மைந்தரையும் போருக்குப் பறிகொடுத்தவள். நூல் முழுவதிலும் நேர்ப்பேச்சு இல்லை. நினைவுகளே நீண்ட வாக்கியங்களாய் ஓடுகின்றன. கிருஷானின் தில்லிக் காதலைக் கூறும் பகுதிகள் அளவு மீறி நீள்கின்றன என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பிய பெரியபுராணத்துப் பூசலாரின் வரலாற்றை ஆசிரியர் எடுத்துரைக்கும் இடம் கருதத்தக்கது. கையால் கட்ட இயலாததைக் கருத்தால் கட்டியவர் பூசலார். தான் காணாத அழிவைக் கிருஷானும் அவ்வாறே தன்னுள் கட்டிப் பார்க்கிறான். ஆசிரியர் செய்வதும் அதுவன்றி வேறென்ன? தம் தொலைவை அவர் மறைக்கவில்லை. முதல் நூலில் கற்பனையால் கடக்க முயன்ற அத்தொலைவையே இரண்டாம் நூலின் பொருளாக்கிவிட்டார். தொடக்கத்தில் நாம் எழுப்பிய வினாவுக்கு இதைவிட நேர்மையான மறுமொழியை நான் படித்ததில்லை.

குறை ஒன்று உண்டு. இராணியின் உள்ளத்துள் நாம் நுழைவதே இல்லை. கிருஷான் கண்ட அளவே அவளை அறிகிறோம். துன்புற்றவளுக்குக் குரல் மறுக்கப்பட்டதோ எனக் கேட்கத் தோன்றும். ஆனால் இழவு வீடுகளுக்குச் சென்று பழகிய என் போன்றோர்க்கு இந்த மௌனம் புதிதன்று. கால் இடறி விழுந்தாளா, தானே விழுந்தாளா என்று கிருஷான் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறான். சிதை எரிகையிலும் அதற்கு விடை கிடைப்பதில்லை.